டிக்கெட் தலைப்பில் திணித்ததைப் புலங்களுக்கு மாற்றிய கதை: ரவுண்டப் டிராக்கரில் தனிப்புலங்களும் டிரிகர்களும்

"அவசரம் - அரிசி ஆலை - எடை வரவில்லை - 4.2 - மறுபடியும்."

வாடிக்கையாளர்களின் சிக்கல்களைப் பதிந்து பின்தொடரும் மென்பொருளான எங்கள் டிராக்கரில் இருந்த ஒரு டிக்கெட்டின், அதாவது ஒரு சிக்கலுக்கான பதிவின், தலைப்பு இது. தொலைபேசியை எடுத்தவர் அவசரத்தில் தட்டிய ஐந்தாறு சொற்கள்தாம் என்றாலும், அவற்றில் ஐந்து தகவல்கள் இருக்கின்றன: அங்கே வேலை நின்றுபோயிருக்கிறது, வாடிக்கையாளர் இன்னார், அறிகுறி இன்னது, நிறுவியிருக்கும் பதிப்பு 4.2, இதே சிக்கலை நாங்கள் ஏற்கெனவே ஒருமுறை சரிசெய்ததாகச் சொல்லி மூடியிருக்கிறோம். இவற்றை எழுதுவதற்குத் தனி இடம் இல்லாததால் எல்லாவற்றையும் தலைப்பிலேயே திணித்திருக்கிறார்கள். மனிதர் படித்தால் புரிந்துவிடும். ஆனால் "4.2 பதிப்பு இருக்கும் இடங்களில், எடைமேடை நின்றுபோய் இன்னும் மூடப்படாத டிக்கெட்டுகள் எவை?" என்று டிராக்கரைக் கேட்டால் அதனால் பதில் சொல்ல முடியாது. அந்தப் பட்டியலை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் கையால் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று விடுபட்டது.

எங்கள் குழு சிறியது. கோவையில் இருந்துகொண்டு எடைமேடைகளுக்கான மென்பொருள் எழுதுகிறோம். லாரி மேடையேறி நின்றதும், எடைகாட்டிக் கருவி ஆர்எஸ்-232 கம்பி வழியாக அனுப்பும் எண்ணைப் படித்து, மொத்த எடை, வெற்று வண்டியின் எடை, நிகர எடை ஆகிய மூன்றையும் சீட்டில் அச்சிட்டுத் தருவதே அதன் வேலை. அரிசி ஆலை, கல்குவாரி, பஞ்சாலை என்று அது ஓடும் இடங்கள் பல. இடத்துக்கு ஒரு பதிப்பு. மென்பொருள் நின்றால் வாசலில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். ஆகவே ஒரு டிக்கெட்டைத் திறந்ததும் முதலில் தெரியவேண்டியது, அங்கே வண்டி நகர்கிறதா நிற்கிறதா என்பதுதான்.

நாங்கள் பயன்படுத்துவது ரவுண்டப் என்னும் கட்டற்ற டிராக்கர். கா-பிங் யீ 2000ஆம் ஆண்டில் சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி போட்டிக்காக எழுதிய வடிவமைப்பை வைத்து, ரிச்சர்ட் ஜோன்ஸ் பைத்தானில் உருவாக்கியது இது. பைத்தான் மொழியின் சொந்தப் பிழைப்பட்டியலே 2007 முதல், 2022இல் கிட்ஹப்புக்கு மாறும் வரை, இதன் மேல்தான் இயங்கியது. இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. டிக்கெட்டில் என்னென்ன புலங்கள் (தகவலை நிரப்பும் தனித்தனி இடங்கள்) இருக்கவேண்டும் என்பது ஸ்கீமா என்னும் ஒரே பைத்தான் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு டிக்கெட் மாறும்போது தானாக ஓடும் நிரல்களான டிரிகர்கள் எல்லாம் டிடெக்டர்ஸ் என்னும் அடைவில் சின்னச்சின்னப் பைத்தான் கோப்புகளாக இருக்கின்றன. இரண்டையும் கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் போட்டுவைத்து, யார் எப்போது எதை ஏன் மாற்றினார் என்று பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

எந்தப் புலங்கள்

புலங்களைச் சேர்க்கப்போகிறேன் என்று குழுவில் சொன்னதும் ஆளுக்கு ஒன்றிரண்டாக ஒன்பது புலங்களைக் கேட்டார்கள். அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துவைத்துவிட்டு, கடைசி 200 டிக்கெட்டுகளின் தலைப்புகளைத் தாளில் அச்சிட்டு, எங்கெல்லாம் ஒருவர் தலைப்புக்குள் வேறொரு தகவலை நுழைத்திருக்கிறாரோ அங்கெல்லாம் பென்சிலால் கோடிட்டேன். யாரும் கேட்காமலே மக்கள் எழுதியிருக்கும் தகவல்தான் உண்மையில் தேவைப்படும் தகவல் என்பது என் எண்ணம். கோடிட்டவை மூன்று வகைக்குள் அடங்கின: பதிப்பு எண், வேலை நின்றுவிட்டது என்பதற்கான "அவசரம்", பழைய சிக்கல் திரும்பி வந்தது என்பதற்கான "மறுபடியும்". இவற்றோடு, சரிசெய்த திருத்தம் எந்தப் பதிப்பில் வெளியானது என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அது தலைப்பில் இல்லாவிட்டாலும், வாடிக்கையாளர் சேவையைப் பார்க்கும் அக்கா ஒரு நாளில் மூன்று முறையாவது என்னிடம் வந்து கேட்கும் கேள்வி அது.

மற்றவற்றைத் தள்ளினேன். "மதிப்பிட்ட நேரம்" என்னும் புலத்தைக் கேட்டவரிடம், அதைப் பார்த்து யார் எந்த முடிவை மாற்றிக்கொள்வார் என்று கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. "வாடிக்கையாளர் வகை" என்பதும் அப்படியே. படிப்பதற்கு ஆளில்லாத புலத்தை நிரப்பச்சொல்லி நாள்தோறும் பத்துப் பேரின் நேரத்தை எடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

ஸ்கீமாவில் எழுதியவை

பதிப்பு எண்ணை வெறும் எழுத்துப் புலமாக வைத்தால் என்ன ஆகும் என்பது தலைப்புகளிலேயே தெரிந்தது: "4.2", "வி4.2", "4.2 புதுசு", "நாலு ரெண்டு". எனவே பதிப்புகளுக்கென ஸ்கீமாவில் ஒரு தனி வகுப்பை உருவாக்கி, டிக்கெட்டில் இருக்கும் இரண்டு பதிப்புப் புலங்களையும் (தளத்தில் இருக்கும் பதிப்பு, திருத்தம் வெளியான பதிப்பு) அந்த வகுப்பைச் சுட்டும் லிங்க் புலங்களாக்கினேன். அந்த வகுப்பில் பெயரோடு, வரிசையைக் குறிக்கும் ஓர் எண்ணையும் வைத்தது பின்னால் கைகொடுத்தது. எழுத்தாக வரிசைப்படுத்தினால் 4.10 என்பது 4.9க்கு முன்னால் போய் நின்றுவிடும். பழைய பதிப்புகளை நீக்கவேண்டியதும் இல்லை. ரவுண்டப்பில் எதுவும் அழிவதில்லை, ஓய்வு கொடுக்கப்படுகிறது. ஓய்வுபெற்ற பதிப்பு தேர்வுப் பட்டியலில் வராது, ஆனால் பழைய டிக்கெட்டுகளில் அதன் பெயர் தெரிந்துகொண்டே இருக்கும்.

"மேடை நின்றதா" என்பதை பூலியன் புலமாக வைத்தேன். இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். ரவுண்டப்பின் பூலியனுக்கு ஆம், இல்லை என்னும் இரண்டோடு, இன்னும் நிரப்பப்படாதது என்னும் மூன்றாவது நிலையும் உண்டு. புலத்தைச் சேர்த்த அன்று இருந்த எல்லாப் பழைய டிக்கெட்டுகளும் அந்த மூன்றாவது நிலையில்தான் இருந்தன. வெறுமையை "இல்லை" என்று எடுத்துக்கொண்டால், நின்றுபோன மேடை ஒன்று அறிக்கையில் ஓடும் மேடையாகத் தெரியும். ஆகவே அறிக்கைகளில் "தெரியாது" என்னும் மூன்றாவது வரியைப் போட்டேன்.

நான்காவது புலம், மீண்டும் திறக்கப்பட்ட எண்ணிக்கை. இதை மனிதர் நிரப்பக்கூடாது. டிரிகர் மட்டுமே தொடவேண்டும்.

ஸ்கீமா கோப்பை மாற்றி சர்வரை மீண்டும் தொடங்கினால், ரவுண்டப் முன்பு சேமித்துவைத்த ஸ்கீமாவோடு புதியதை ஒப்பிட்டு, தரவுத்தளத்தில் தேவையான நெடுவரிசைகளைத் தானே சேர்த்துவிடுகிறது. இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. முதல் வாரத்தில் ஒரு புலத்தின் பெயரில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்தினேன். எனக்கு அது பெயர்மாற்றம். ரவுண்டப்புக்கோ ஒரு புலம் போய், இன்னொரு புலம் வந்திருக்கிறது. பழைய நெடுவரிசையும் அதில் இருந்த ஒரு வாரத்து மதிப்புகளும் போய்விட்டன. மாற்றத்துக்குச் சற்று முன்பு எடுத்த பேக்கப் இருந்ததால் தப்பினோம்.

புலத்தை ஸ்கீமாவில் சேர்த்தால் மட்டும் அது திரையில் வராது. டிக்கெட் பக்கத்தின் எச்டிஎம்எல் வார்ப்புருவிலும், பட்டியல் பக்கத்திலும், தேடல் பக்கத்திலும் தனித்தனியாகச் சேர்க்கவேண்டும். நிரலில் புலத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தாலும், வார்ப்புருவில் "மேடை நின்றதா?" என்று தமிழிலேயே எழுதினேன்.

ஆடிட்டரும் ரியாக்டரும்

ரவுண்டப்பில் டிரிகர்கள் இரண்டு வகை. ஒரு மாற்றம் தரவுத்தளத்தில் எழுதப்படுவதற்கு முன்பு ஓடுவது ஆடிட்டர். எழுதப்பட்ட பின்பு ஓடுவது ரியாக்டர். ஆடிட்டரின் கையில் புதிய மதிப்புகள் அடங்கிய டிக்ஷனரி (புலத்தின் பெயரையும் அதன் மதிப்பையும் இணைத்துவைக்கும் பைத்தான் பட்டியல்) கொடுக்கப்படும். அது அந்த மதிப்புகளை மாற்றலாம், அல்லது ரிஜெக்ட் என்னும் விதிவிலக்கை எழுப்பி மாற்றத்தையே மறுக்கலாம். ரியாக்டரால் மறுக்க முடியாது. பழைய மதிப்புகளைப் பார்த்து, நடந்துமுடிந்ததை வைத்து அடுத்த வேலையைச் செய்யலாம்.

மற்றக் கருவிகளிலும் இதே பிரிவு வேறு பெயர்களில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஜிரா என்னும் டிராக்கரின் பணியோட்டத்தில் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது முன்னால் ஓடுபவை வேலிடேட்டர்கள், பின்னால் ஓடுபவை போஸ்ட் ஃபங்ஷன்கள். டிராக் என்னும் இன்னொரு டிராக்கரில் செருகுநிரல் எழுதுவோருக்கு டிக்கெட்டைச் சேமிக்கும் முன் சோதிக்கும் இடைமுகம் ஒன்றும், சேமித்த பின் செய்தி பெறும் இடைமுகம் ஒன்றும் தனித்தனியாக உண்டு. எந்தக் கருவியாக இருந்தாலும், மறுப்பது முன்னால், அறிவிப்பது பின்னால் என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் என் நிரல்கள் ஒழுங்குக்கு வந்தன. அதற்கு முன்பு இரண்டு தவறுகளைச் செய்துமுடித்திருந்தேன்.

முதல் தவறு, வாசலிலேயே மறித்தது. புதிய டிக்கெட் உருவாகும்போது தளத்தில் இருக்கும் பதிப்பு நிரப்பப்பட்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் மறுக்கவேண்டும் என்று ஓர் ஆடிட்டரை எழுதினேன். உலாவியில் சோதித்தேன்; மேலே சிவப்புப் பட்டையில் பிழைச்செய்தி அழகாக வந்தது. மறுநாள் காலை ஓர் ஆலை உரிமையாளரிடமிருந்து தொலைபேசி.

"தம்பி, நேத்து ராத்திரி உங்களுக்கு மெயில் போட்டனுங்க. அது என்னமோ இங்கிலீசுல எழுதி எனக்கே திரும்பி வந்திருச்சுங்களே?"

எங்கள் வாடிக்கையாளர்கள் மின்னஞ்சல் அனுப்பினால் ரவுண்டப்பின் மின்னஞ்சல் வாயில் அதை டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும். அந்த வழியாக வரும் டிக்கெட்டும் அதே ஆடிட்டரின் முன்னால்தான் வந்து நிற்கிறது. அதில் பதிப்பு எண் இல்லாததால் என் நிரல் மறுத்திருக்கிறது. மறுப்பு, மின்னஞ்சல் வாயிலைப் பயன்படுத்தும் முறை பற்றிய நீண்ட ஆங்கில விளக்கத்தோடு அவருக்கே திரும்பிப் போயிருக்கிறது. இரவு முழுவதும் அவருடைய மேடை நின்றிருக்கிறது. தன் மென்பொருளின் பதிப்பு எண் என்ன என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மாற்றம் வலையிலிருந்து வந்ததா மின்னஞ்சலிலிருந்து வந்ததா என்பதை ஆடிட்டருக்குள் கண்டறிய வழி இருக்கிறது. மின்னஞ்சலுக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. தொலைபேசியில் ஒருவர் பதற்றத்தோடு பேசிக்கொண்டிருக்கும்போது டிக்கெட்டைப் பதியும் எங்கள் ஆளுக்கும் அந்த நேரத்தில் பதிப்பு எண் தெரிந்திருக்காது. கட்டாயப்படுத்தினால் பட்டியலில் முதலில் இருப்பதைத் தேர்ந்துவிட்டுப் போவார். தகவல் இல்லாத நேரத்தில் தகவலைக் கட்டாயமாக்குவதே பிழை. ஆகவே உருவாக்கும் இடத்தில் இருந்த சோதனையை அடியோடு எடுத்துவிட்டு, டிக்கெட் "ரிசால்வ்ட்" (சிக்கல் தீர்ந்தது) நிலைக்குப் போகும் இடத்துக்கு மாற்றினேன். அந்த நேரத்தில் பதிப்பு எண்ணும் தெரியும், திருத்தம் எந்தப் பதிப்பில் வந்தது என்பதும் தெரியும், சரிசெய்தவரே நிரப்புவார்.

ஒரு "ஆர்" செய்த வேலை

புதிய ஆடிட்டர் இரண்டு வாரம் ஓடியது. மூன்றாவது வெள்ளிக்கிழமைப் பட்டியலில், ரிசால்வ்ட் நிலையில் இருக்கும் ஒரு டிக்கெட்டில் திருத்தப் பதிப்பு வெறுமையாக இருந்தது. என் நிரலின்படி அப்படி ஒரு டிக்கெட் இருக்கவே முடியாது. டிக்கெட்டின் அடியில் இருக்கும் வரலாற்றைப் பார்த்தேன். ஒரே நேரத்தில், ஒரே சேமிப்பில், இரண்டு மாற்றங்கள்: நிலை டெஸ்டிங்கிலிருந்து ரிசால்வ்ட், திருத்தப் பதிப்பு 4.3இலிருந்து வெறுமை. 4.3 வெளியீட்டைத் திரும்பப் பெற்றிருந்தோம். அதனால் டெவலப்பர் அந்தப் பதிப்பை எடுத்துவிட்டு, கூடவே டிக்கெட்டையும் மூடியிருக்கிறார்.

ஆடிட்டருக்குத் தரப்படும் டிக்ஷனரியில் எல்லாப் புலங்களும் இருக்காது; இந்த முறை மாறும் புலங்கள் மட்டுமே இருக்கும். திருத்தப் பதிப்பு முன்பே நிரப்பப்பட்டிருந்து, இப்போது நிலை மட்டும் மாறினால், டிக்ஷனரியில் பதிப்பு இருக்காது. அதைத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கவேண்டும். ஆகவே "புதிய மதிப்பு, அல்லது தரவுத்தளத்தில் இருக்கும் மதிப்பு" என்று பைத்தானின் "ஆர்" கொண்டு ஒரே வரியில் எழுதியிருந்தேன். படிக்க நன்றாக இருந்த வரி. ஆனால் ஒருவர் புலத்தை வேண்டுமென்றே வெறுமையாக்கும்போது, டிக்ஷனரியில் அந்தப் புலம் இருக்கும். மதிப்பு நன் (None, பைத்தானில் வெறுமையைக் குறிப்பது) என்று இருக்கும். "ஆர்" அந்த நன்னைப் பொய் என்று எடுத்துக்கொண்டு, தரவுத்தளத்துக்குப் போய், இன்னும் அழிக்கப்படாத பழைய 4.3ஐக் கொண்டுவந்து காட்டுகிறது. சோதனை தேறிவிடுகிறது. அடுத்த நொடியில் வெறுமை எழுதப்படுகிறது.

திருத்தம் எளியது: புலம் டிக்ஷனரியில் இருக்கிறதா என்று முதலில் கேட்டு, இருந்தால் அதன் மதிப்பை, அது எதுவாக இருந்தாலும், எடுத்துக்கொள்ளவேண்டும்; இல்லாவிட்டால் மட்டுமே தரவுத்தளத்துக்குப் போகவேண்டும். இதை ஒரு சிறு ஃபங்ஷனாக எழுதி, எல்லா ஆடிட்டர்களும் அதன் வழியாகவே மதிப்பைக் கேட்கும்படி செய்தேன். அதே ஃபங்ஷன், டிக்கெட் முதன்முதலாக உருவாகும்போது தரவுத்தளத்தில் அதற்கு எண்ணே இருக்காது என்பதையும் கவனித்துக்கொள்கிறது.

அந்த நாளில் இன்னொன்றையும் மாற்றினேன். நிலைகளை ஒப்பிடும்போது ரிசால்வ்டின் உள் எண்ணை நேரடியாக எழுதியிருந்தேன். ரவுண்டப் அந்த எண்களை எழுத்துச்சரமாகத் தருவதால், எண்ணாக எழுதிய ஓர் இடத்தில் ஒப்பீடு எப்போதும் பொய்யாகவே இருந்தது. பெயரைக் கொடுத்து உள் எண்ணைத் தேடிப்பெறும் முறைக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். ஆடிட்டர் ஒவ்வொன்றுக்கும் முன்னுரிமை எண் ஒன்று உண்டு, இயல்பாக 100. நிலையை மாற்றக்கூடிய மற்ற ஆடிட்டர்கள் ஓடிமுடித்த பிறகே என் சோதனை ஓடவேண்டும் என்பதால் அதற்கு 110 கொடுத்தேன்.

பொய் சொல்லவைத்த புலம்

இந்தத் திருத்தத்துக்குப் பிறகு வெறுமைகள் வரவில்லை. ஆனால் பட்டியலைப் படித்தபோது வேறொன்று உறுத்தியது. மூடப்பட்ட டிக்கெட் ஒன்றில் திருத்தப் பதிப்பு 4.4 என்று இருந்தது. அதன் உரையாடலைப் படித்தால், குவாரியில் எலி கம்பியைக் கடித்துவிட்டது, கம்பியை மாற்றியதும் சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறது. 4.4க்கும் அந்த எலிக்கும் தொடர்பில்லை. எங்களுக்கு வரும் டிக்கெட்டுகளில் கணிசமானவை இப்படிக் கம்பி, மின்சாரம், விண்டோஸ் புதுப்பிப்பு ஆகியவற்றால் வருபவை. அவற்றை மூட நிரலில் எந்த மாற்றமும் தேவையில்லை. நானோ பதிப்பு எண் இல்லாமல் மூடவே முடியாது என்று வைத்திருந்தேன். மூடவேண்டிய கட்டாயத்தில் இருப்பவர் ஏதோ ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார். வெறுமையாக இருந்திருந்தால் தெரியாது என்றாவது தெரிந்திருக்கும். இப்போது தவறான தகவல் சரியான தகவலைப் போலவே நிற்கிறது. அந்த அக்கா இந்த எண்ணை நம்பி, "4.4 போட்டால் சரியாகிவிடும்" என்று இன்னொரு வாடிக்கையாளரிடம் சொல்லியிருப்பார்.

பதிப்புகளின் வகுப்பில் "நிரலில் மாற்றம் இல்லை" என்று ஒரு பதிவைச் சேர்த்தேன். வேறொரு டிக்கெட்டின் நகலாக மூடப்படுபவற்றுக்கு, ரவுண்டப்பில் ஏற்கெனவே இருக்கும் சூப்பர்சீடர் புலம் நிரப்பப்பட்டிருந்தால், பதிப்பே கேட்கவேண்டாம் என்று ஆடிட்டரில் எழுதினேன். பழையவற்றில் பொய்யாக நிரப்பப்பட்டவற்றை அவரவரே திருத்த இரண்டு நாள் ஆனது. ஒரு புலத்தைக் கட்டாயமாக்கும் முன்பு, அதை நேர்மையாக நிரப்ப முடியாத சூழ்நிலைகள் எவை என்று இப்போது ஒவ்வொரு முறையும் எழுதிப்பார்க்கிறேன்.

"நன்றி" என்று வந்த மின்னஞ்சல்கள்

மீண்டும் திறக்கப்பட்ட எண்ணிக்கையை முதலில் ஒரு ரியாக்டராக எழுதினேன். அது டிக்கெட்டின் எண்ணிக்கையைக் கூட்டி, அதே டிக்கெட்டில் எழுதியது, எழுதியதே ஒரு மாற்றம் என்பதால் ரியாக்டர் மறுபடி ஓடியது, மறுபடி கூட்டியது. ஒரு நிரல் தன்னையே எத்தனை முறை அழைக்கலாம் என்னும் பைத்தானின் ரிகர்ஷன் வரம்பில் முட்டிக்கொண்டு பக்கம் பிழையோடு நின்றது. கமிட் ஆகவில்லை, அதாவது மாற்றம் தரவுத்தளத்தில் உறுதியாகவில்லை என்பதால் தரவுக்குச் சேதமில்லை. அன்றிலிருந்து, ஒரு டிக்கெட் தன்னையே மாற்றிக்கொள்ளவேண்டும் என்றால் ஆடிட்டருக்குள் டிக்ஷனரியில் மாற்றுகிறேன். வேறொரு பதிவை மாற்றவேண்டும் என்றால் மட்டுமே ரியாக்டருக்குப் போகிறேன்.

எண்ணிக்கை சரியாகக் கூடத் தொடங்கியதும் அதன் பொருள் சரியில்லை என்பது தெரிந்தது. ரவுண்டப்பின் கிளாசிக் வார்ப்புருவோடு வரும் ஓர் ஆடிட்டர், மூடிய டிக்கெட்டில் புதிய செய்தி வந்தால் அதன் நிலையைச் "சாட்டிங்" என்று மாற்றும். நல்ல ஏற்பாடுதான், மூடிய டிக்கெட்டில் வாடிக்கையாளர் புலம்பினால் அது யார் கண்ணிலும் படாமல் போகக்கூடாது. ஆனால் எங்கள் வாடிக்கையாளர்கள் பண்பானவர்கள். சரியானதும் "ரொம்ப நன்றிங்க" என்று பதில் அனுப்புவார்கள். ஒவ்வொரு நன்றிக்கும் ஒரு டிக்கெட் திறந்தது, எண்ணிக்கை ஒன்று கூடியது. மிகச் சிறப்பாகச் சரிசெய்யப்பட்ட டிக்கெட்டுகளே மிக மோசமானவையாகத் தெரிந்தன.

செய்தியின் சொற்களைப் பார்த்து நன்றியா புகாரா என்று நிரலே முடிவுசெய்யவேண்டும் என்றார் ஒருவர். நான் உடன்படவில்லை. "நன்றிங்க, ஆனா சாயங்காலம் மறுபடி நின்னுருச்சு" என்றும் மின்னஞ்சல் வருகிறது. டிராக்கரை நிறுவும்போதே இந்த ஆடிட்டர்கள் நம் அடைவுக்கு நகலெடுக்கப்படுவதால், அவற்றை நம் விருப்பப்படி திருத்தலாம். மூடிய டிக்கெட்டில் செய்தி வந்தால் "பதில் வந்திருக்கிறது" என்னும் புதிய நிலைக்குப் போகும்படி மாற்றினேன். சேவையைப் பார்ப்பவர் அதைப் படித்து, நன்றியாக இருந்தால் மீண்டும் மூடுவார். சிக்கலாக இருந்தால் "இன் புரோகிரஸ்" என்று மாற்றுவார். மனிதர் அந்த மாற்றத்தைச் செய்யும்போது மட்டுமே எண்ணிக்கை கூடும்.

மேடை நின்றால் செய்தி

"மேடை நின்றதா" என்பதில் ஆம் என்று விழுந்ததும் பணியில் இருப்பவரின் கைப்பேசிக்குச் செய்தி போகவேண்டும் என்பது எல்லோரும் கேட்ட ஒன்று. ரியாக்டருக்குள்ளிருந்தே குறுஞ்செய்திச் சேவையை அழைத்தேன். இரண்டு சிக்கல்கள். அந்தச் சேவை பதில் சொல்லத் தாமதித்தால், டிக்கெட்டைச் சேமிப்பவரின் பக்கம் அத்தனை நேரமும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. இரண்டாவது, நுட்பமானது: ரியாக்டர் ஓடும்போது மாற்றம் எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் கமிட் ஆகவில்லை. அதன் பிறகு ஏதாவது பிழை நேர்ந்து டிரான்சாக்ஷன் (ஒன்றாகவே நிலைக்கும் அல்லது ஒன்றாகவே கைவிடப்படும் மாற்றங்களின் தொகுப்பு) பின்வாங்கப்பட்டால், செய்தி போயிருக்கும், டிக்கெட்டில் அப்படி ஒரு மாற்றமே இருக்காது. இரவு இரண்டு மணிக்கு எழுப்பப்பட்டவர் டிராக்கரைத் திறந்தால் அங்கே ஒன்றும் இருக்காது.

இப்போது ரியாக்டர் வெளியே யாரையும் அழைப்பதில்லை. "அனுப்பவேண்டிய அறிவிப்பு" என்னும் இன்னொரு வகுப்பில் ஒரு பதிவை உருவாக்குவதோடு நிறுத்திக்கொள்கிறது. அந்தப் பதிவும் டிக்கெட்டின் மாற்றமும் ஒரே டிரான்சாக்ஷனில் இருப்பதால், இரண்டும் சேர்ந்தே நிலைக்கும் அல்லது சேர்ந்தே மறையும். நிரல்களைக் குறித்த நேரத்தில் ஓட்டும் கிரான் மூலம் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் சிறு நிரல், அனுப்பப்படாத பதிவுகளை எடுத்து அனுப்பி, அனுப்பிய நேரத்தைக் குறித்துவைக்கிறது. செய்தி அதிகபட்சம் ஒரு நிமிடம் தாமதமாகிறது. அதற்கு ஈடாக, யாருக்கு எப்போது எது போனது என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

இவற்றையெல்லாம் சோதிக்க டிராக்கரின் முழு நகல் ஒன்றை வைத்திருக்கிறேன். அதன் கட்டமைப்புக் கோப்பில் மின்னஞ்சல் பகுதியில் இருக்கும் டிபக் அமைப்புக்கு ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், வெளியே போகவேண்டிய அஞ்சல்கள் எல்லாம் அந்தக் கோப்பில் எழுதப்படுமே தவிர யாருக்கும் போகாது. இந்த ஒரு வரியை முதல் நாளே போட்டிருந்தேன் என்பதில் எனக்கு நிறைவு உண்டு.

பழைய டிக்கெட்டுகளை நிரப்பும் வேலையில் மட்டும் ஒருமுறை சறுக்கினேன். தலைப்புகளில் இருந்த பதிப்பு எண்களைப் பிரித்தெடுத்துப் புலத்தில் எழுதும் நிரல் ஒன்றை இரவில் ஓட்டினேன். செய்தி எதையும் சேர்க்கவில்லை என்பதால் மின்னஞ்சல் எதுவும் போகவில்லை. ஆனால் எழுதிய ஒவ்வொரு டிக்கெட்டின் கடைசிச் செயல்பாட்டு நேரமும் அந்த இரவாகிவிட்டது. பட்டியல் அந்த நேரத்தை வைத்தே வரிசைப்படுத்தப்படுவதால், காலையில் மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய டிக்கெட்டுகள் முதல் பக்கத்தில் நின்றன, அன்றைய சிக்கல்கள் எங்கோ ஆழத்தில் கிடந்தன. பேக்கப்பிலிருந்து மீட்டுவிட்டு, திறந்திருந்த டிக்கெட்டுகளை மட்டும் உட்கார்ந்து கையால் நிரப்பினோம். ஒரு மதியம் ஆனது. மூடிய பழையவை வெறுமையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

கடைசியாகச் செய்தது மறுப்புச் செய்திகளைத் திருத்தியதுதான். முதலில் எழுதியிருந்தது "தேவையான புலம் இல்லை" என்று பொருள்படும் ஓர் ஆங்கில வரி. இப்போது ரிசால்வ்ட் என்று மாற்றும்போது பதிப்பு இல்லாவிட்டால், "திருத்தம் எந்தப் பதிப்பில் வெளியானது என்று தேர்ந்தெடுங்கள். கம்பி, மின்சாரம் போன்ற சிக்கலாக இருந்தால் 'நிரலில் மாற்றம் இல்லை' என்பதைத் தேர்ந்தெடுங்கள்" என்று வருகிறது.

அரிசி ஆலையிலிருந்து போன வாரம் இன்னொரு டிக்கெட் வந்தது. பதிப்பும், மேடை நின்றதும், முன்பு எத்தனை முறை திறந்தது என்பதும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. தலைப்பில் இருப்பது: "எடைகாட்டியில் எண் தெரிகிறது, கணினித் திரையில் பூஜ்யமாகவே நிற்கிறது."